விரிசல் பார்க்கப் போன அறை

கட்டட வரைபடம் போடுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நம்முடைய மனையை அரை அங்குலம் பிசகாமல் வரைவோம். கிணறு எங்கே, தென்னை எங்கே, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது, எல்லாம் அதில் இருக்கும். மதில்சுவருக்கு அந்தப் பக்கத்தை மட்டும் வெள்ளையாக விட்டு, 'அடுத்தவர் நிலம்' என்று எழுதிவிடுவோம். இருபத்தைந்து வருடமாக நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த வெள்ளைக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் படுத்திருக்கிறார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்க ஆரம்பித்தால் படம் முடியாது என்பது என் எண்ணம்.

மந்தைவெளிக்கும் அடையாற்றுப் பாலத்துக்கும் நடுவே ஒரு தெருவில் பழைய மாடி வீடு ஒன்று இருந்தது. அதை இடித்துவிட்டு, கீழே கார் நிறுத்த இடமும் மேலே ஐந்து மாடியுமாக ஒரு குடியிருப்பு கட்டுவதாக ஏற்பாடு. வீட்டின் சொந்தக்காரர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்தவர். புது வீடு எழும்பும் வரை தி.நகரில் ஒரு வாடகை ஃப்ளாட்டில் இருந்தார். கட்டுகிறவர் ஒரு பில்டர். படம் போடுகிறவள் நான். மனைக்குக் கிழக்கே, மதிலை ஒட்டி, ஒரு சர்ச். அந்த வளாகத்துக்குள், சரியாக எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம், சின்னக் குழந்தைகளுக்கான ஒரு பாலர் பள்ளி. என் படத்தில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே 'அடுத்தவர் நிலம்'.

முதல் படத்தில் ஜெனரேட்டரைத் தென்கிழக்கு மூலையில் போட்டேன். வாஸ்து பார்க்க வந்தவர் திசைகாட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மனையை மூன்று சுற்று சுற்றி, "நெருப்பு சம்பந்தப்பட்டதெல்லாம் அக்கினி மூலையிலதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். சொந்தக்காரர் பயபக்தியோடு தலையாட்டினார். பில்டருக்குச் சந்தோஷம், விளம்பரத்தில் போட்டுக்கொள்ளலாம் அல்லவா. எனக்கு வாஸ்துவில் நம்பிக்கையும் இல்லை, சண்டையும் இல்லை. மூலையில் ஒரு செவ்வகம் வரைந்து, உள்ளே 'ஜெனரேட்டர்' என்று எழுதிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டேன்.

அடுத்த வேலை, விரிசல் பார்ப்பது. அடித்தளத்துக்காகப் பூமியைத் துளைக்கும்போது பக்கத்துக் கட்டடங்களும் கொஞ்சம் அதிரும். நாளைக்கு யாராவது வந்து, "உங்களால்தான் எங்கள் சுவர் விரிந்துபோச்சு" என்று நின்றால் பதில் சொல்ல வேண்டுமே. அதனால் முன்கூட்டியே பக்கத்துக் கட்டடத்துக்குள் போய், ஏற்கெனவே இருக்கிற விரிசல்களையெல்லாம் படம் எடுத்து, எண் போட்டு, ஒரு நோட்டில் எழுதி, இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களிடமும் கையெழுத்து வாங்கிவிடுவோம். 'இது எங்களுக்கு முன்பே இருந்த விரிசல்' என்பதற்கான சாட்சி அது. மற்றவர்கள் வீட்டுக் கோளாறை எண்ணுவதற்கு நம்மை விட்டால் ஆள் ஏது?

சர்ச் பாதிரியார் சரி என்றார். பள்ளியைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் மட்டும் கொஞ்சம் யோசித்தார். "காலைல பிள்ளைங்க ஆடுவாங்க, பாடுவாங்க, உங்களால உள்ளேயே நுழைய முடியாது. ஒரு மணிக்கு மேல தூங்குவாங்க, அப்ப வாங்க. ஆனா விரிசல் ஜாஸ்தியா இருக்கறது அந்தத் தூங்கற ரூம்லதான். அது ஆயாவோட ராஜ்ஜியம். அவங்க சொல்றபடி கேட்டுக்குங்க" என்றார்.

இங்கே என் தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அம்மா படுத்த படுக்கையாக இருந்த ஒன்றரை வருடமும் நான்தான் கூட இருந்தேன். புண் வராமல் இருக்க மணிக்கு ஒரு தடவை அவளைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். தலைக்கு அடியில் கையைக் கொடுத்து, ஒருக்களித்துத் திருப்பி, முதுகில் ஒரு தட்டுத் தட்டினால் அம்மா, 'ம்' என்பாள். அதற்கப்புறம்தான் நான் கண்ணை மூடுவேன். அவள் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்தச் செய்தியை என் உடம்புக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. மணிக்கு ஒரு தடவை விழிப்பு வந்துவிடும். மருந்து, யோகா, வெதுவெதுப்பான பால், எல்லாம் பார்த்தாயிற்று. தூக்கம் இல்லாத மனுஷிக்கு முன்கோபம் வராமல் என்ன செய்யும்? என் ஆபீசில் இருந்தவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

அன்று ஒரு மணி சுமாருக்கு நாடாவும் காமிராவுமாக அந்த அறை வாசலில் போய் நின்றேன். சிவப்புச் சிமெண்டுத் தரை. மரக்கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் கூரை. ஜன்னலில் பச்சைத் திரை தொங்கியதால் அறை முழுவதும் குளத்தடித் தண்ணீர் மாதிரி ஒரு வெளிச்சம். தயிர்சாத வாசனையும் பவுடர் வாசனையும் கலந்து வந்தது. வரிசையாகக் கோரைப்பாய்கள், முப்பது இருக்கும். நான் காலை எடுத்து உள்ளே வைத்ததுதான் தாமதம், முப்பது ஜோடிக் கண்களும் திறந்துகொண்டன.

ஆயாவுக்கு என் வயதுதான் இருக்கும், ஐம்பதை ஒட்டி. இடுப்பில் செருகிய முந்தானையோடு வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாம்மா நிக்கிற? பெரியவங்க நின்னுக்கினு இருந்தா ஒண்ணும் தூங்காது. படு."

"நான் விரிசல் பார்க்க வந்திருக்கேன். சிஸ்டர் சொல்லலையா?"

"சொன்னாங்க. கூரையில தானே கீது விரிசலு? படுத்துக்கினு பாரு. இந்த ரூம்ல ஃபாதரே வந்தாலும் படுக்கணும்."

நியாயமாகத்தான் பட்டது. கூரையைப் பார்ப்பதற்குக் கழுத்தை ஒடித்துக்கொண்டு நிற்பதைவிட மல்லாந்து படுப்பது சௌகரியம். எனக்கும் ஒரு பாய் கிடைத்தது, வாத்துப் படம் போட்ட ஒரு தலையணையும். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்று. அது என்னைப் பார்த்து, "நீ லேட்டு" என்றது. காமிராவை மார்பின்மேல் வைத்துக்கொண்டு படுத்தேன்.

ஆயா பாட்டுப் பாடவில்லை, கதை சொல்லவில்லை. பாய் பாயாக நடந்து, ஒவ்வொரு குழந்தையின் உள்ளங்காலிலும் விரலால் ஒரு கோடு இழுத்துக்கொண்டே பஸ் ஸ்டாப் பெயர்களை ரகசியக் குரலில் சொல்ல ஆரம்பித்தார்.

"பெரும்பாக்கம்... ஏறிட்டியா? போலாம் ரைட். சோழிங்கநல்லூரு... உள்ள போ, உள்ள போ. போலாம் ரைட். காரப்பாக்கம்..."

ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் நடுவே நிஜமாகவே பஸ் ஓடும் நேரம் விட்டார். துரைப்பாக்கத்தில் இரண்டு மூன்று குழந்தைகள் இறங்கிவிட்ட மாதிரி மூச்சு மாறியது. பெருங்குடியில் பாதி அறை தூங்கிவிட்டது. நான் ஒன்றாம் எண் விரிசலையும் இரண்டாம் எண் விரிசலையும் படம் எடுத்தேன். கந்தன்சாவடி என்றது காதில் விழுந்தது. என் உள்ளங்காலிலும் ஒரு விரல் கோடு இழுத்துப் போனது. தரமணி வந்ததா என்று எனக்குத் தெரியாது.

விழித்தபோது குழந்தைகள் பிஸ்கட்டுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். மணி மூன்று. ஒன்றே முக்கால் மணி நேரம் ஒரு தடவைகூட விழிக்காமல் தூங்கியிருக்கிறேன். கை கால் எல்லாம் யாரோ கழற்றிக் கழுவி மாட்டின மாதிரி இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. காமிராவில் மூன்றே படம், அதில் மூன்றாவது மின்விசிறி.

ஆயா பாய்களைச் சுருட்டிக்கொண்டே வந்தார். "ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காத. நீ இன்னா நர்ஸம்மாவா?"

"இல்லையே, ஏன்?"

"பக்கத்துல படுத்திருந்துச்சே பொண்ணு, அத்த ரெண்டு வாட்டி திருப்பிப் படுக்க வெச்ச. தலைக்கு அடியில கையக் குடுத்து, ஒருக்களிச்சு, முதுகுல ஒரு தட்டு. கண்ணே தொறக்கல நீ. அது முழிச்சிக்கினு உன்னியே பாத்துது, அப்பால தூங்கிப்பூடுச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா போனபோதுகூட அப்படி அழவில்லை, அன்றைக்கு ஆயிரம் வேலை இருந்தது. பிஸ்கட்டோடு நின்ற குழந்தைகள் வேடிக்கை பார்க்க, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து அழுதேன். ஆயா ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வந்து வைத்தார். அம்மாவைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "நாளைக்கும் வா. விரிசல் இன்னும் நெறைய கீது" என்றார்.

ஒரு மதியத்தில் முடிய வேண்டிய வேலைக்கு நான் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டேன். ஆபீசில் படம் வரையும் பெண், "என்ன மேடம், சர்ச்சு முழுக்க விரிசலா? கட்டடம் நிக்குமா?" என்று கேட்டாள். "பழைய கட்டடம், நுணுக்கமாகப் பார்க்க வேண்டியிருக்கு" என்று சொல்லி வைத்தேன். மயிலாப்பூரிலிருந்து வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு போவேன். பன்னிரண்டு மணிக்கு அடிக்கிற சர்ச் மணி கிளம்பும்போது ஞாபகம் வரும். அந்த மதியங்களை இப்போது தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. எல்லாம் ஒரே பச்சை வெளிச்சத்தில் மிதக்கின்றன. கூரையிலிருந்த விரிசல்கள் எனக்குத் தெருக்கள் ஆயின. ஒன்பதாம் எண் வடக்கு மாட வீதி. அதிலிருந்து கிளை பிரியும் பத்தாம் எண், எப்போதும் கூட்டமாக இருக்கும் ஏதோ ஒரு தி.நகர்ச் சந்து. அதில் நான் புடவைக்கடைப் பையோடு நடந்து போவேன், பக்கத்தில் அம்மாவும் நடந்து வருவாள், கால் நன்றாக இருக்கும் அவளுக்கு. ஆயாவின் பஸ் எங்களைத் தாண்டிப் போகும். ஒரு நாள் ஒரு சாவுக்காகத் துக்க மணி அடித்தார்கள், விட்டு விட்டு, வெகுநேரம். ஒரு குழந்தைகூட அசையவில்லை.

"மணிக்குப் பழகிக்கிச்சுங்க. வவுத்துல இருக்கசொல்லவே கேட்டதுங்கதானே பாதி" என்றார் ஆயா.

ஆயாவின் வீடு முன்பு அடையாற்றங்கரையில், பாலத்துக்குக் கீழே இருந்தது. பள்ளிக்கு நடந்தே வந்துவிடுவார். கரையோரக் குடிசைகளை எடுத்தபோது குடும்பத்தோடு பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது இரண்டு பஸ் மாறி வருகிறார். அந்தப் பாதையைத்தான் குழந்தைகளுக்குச் சொல்கிறார். "தரமணி, அடையாறு, அப்பால பாலம். பாலம் வந்தா வூடு வந்துரும்னு வெச்சுக்கோ. ஆனா ஒருத்தனும் பாலம் வரைக்கும் முழிச்சிக்கினு வந்ததில்ல. அடையாறு டிப்போவத் தாண்டினவனே கெடையாது" என்று சிரித்தார்.

அந்த இரண்டாவது வாரத்தில் ஒரு நாள், பராமரிப்பு வேலை என்று மின்சாரத்தை நிறுத்தினார்கள். விசிறி நின்றது. பாய்களில் நெளிசல் ஆரம்பித்தது. ஆயா எழுந்து போய், இத்தனை நாளும் திரை போட்டிருந்த மேற்கு ஜன்னலைத் திறந்தார். கடல் பக்கத்து வாசலில் நுழைந்த காற்று அதன் வழியாக வெளியே போக வழி கிடைத்ததும், அறை குளிர்ந்துவிட்டது. குழந்தைகள் மறுபடி தூங்கின.

நான் படுத்தபடியே அந்த ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மதில். மதிலுக்கு மேல் எங்கள் மனையின் மூலை. எந்த மூலை என்று கணக்குப் போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தென்கிழக்கு. நான் வரைந்த செவ்வகம் அங்கேதான் உட்காரப்போகிறது. இந்த ஜன்னலுக்கும் அதன் புகைக்குழாய்க்கும் நடுவே இரண்டு பாய் நீளம்கூட இருக்காது. மின்சாரம் போனால்தான் ஜெனரேட்டர் ஓடும். மின்சாரம் போனால்தான் இங்கே விசிறி நின்று இந்த ஜன்னலைத் திறப்பார்கள். அதாவது திறக்கிற நேரம் பார்த்துப் புகையும் சத்தமும் உள்ளே வரும். நானே என் கையால் அப்படி ஏற்பாடு செய்திருந்தேன். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

மூன்று மணிக்கு ஸ்கூட்டரிலிருந்து படத்தை எடுத்து வந்து ஆயாவிடம் விரித்துக் காட்டினேன். அவர் விரலை வைத்துத் தேடினார். "நாங்க எங்க கீறோம் இதுல?"

வெள்ளையைக் காட்டினேன்.

"ஒண்ணியுமே இல்லியே?"

"அது எங்க வழக்கம்..." என்று ஆரம்பித்தேன், எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. ஜெனரேட்டர் விஷயத்தைச் சொன்னேன்.

"அடப் போம்மா, இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு கீற? மாத்திப் போடு. நீதானே வரையற?" என்றார்.

நான்தான் வரைகிறேன். ஆனால் என் கையைப் பிடித்து வரைகிறவர்கள் மூன்று பேர். பில்டருக்குப் போன் செய்தேன். "மேடம், எது வேணா மாத்துங்க, வாஸ்துல மட்டும் கை வெக்காதீங்க. அப்புறம் நானும் நீங்களும்தான் அந்த ஃப்ளாட்டுல குடியிருக்கணும். வீட்டுக்காரர் ஒத்துக்கிட்டா எனக்கு ஒண்ணுமில்ல" என்றார். வாஸ்துக்காரரைப் பிடித்தேன். அவர் வெகுநேரம் தயங்கி, "வாயு மூலையும் நெருப்புக்கு ஆகும்தான். ரெண்டாம் பட்சம்" என்றார். வாயு மூலை என்றால் வடமேற்கு. தெருவை ஒட்டிய மூலை, பள்ளிக்கு நேர் எதிர்க்கோடி. புகை தெருப்பக்கம் போய்விடும். ஒரே ஒரு சிக்கல். அதற்கு நேர் மேலே முதல் மாடியில் சொந்தக்காரரின் படுக்கையறை. தனக்கென்று அவர் முதன்முதலில் கேட்டு வாங்கிக்கொண்ட அறை அது. மதியம் சாப்பிட்டானதும் இரண்டு மணி நேரம் தூங்குவது அவருடைய நித்திய அனுஷ்டானம்.

தி.நகர் ஃப்ளாட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"ஏம்மா, எங்காத்துல சமையலறை ஈசான்ய மூலைல இருந்தது, உனக்குத் தெரியுமோ? நெருப்பு இருக்கக் கூடாத எடம், மாத்துங்கோன்னு எத்தனையோ பேர் சொன்னா. நான் சிரிச்சுண்டே இருந்தேன். அவ நாப்பத்தஞ்சு வயசுல போயிட்டா. இனிமே நான் சிரிக்கறதா இல்ல."

அவர் மூடநம்பிக்கைக்காரர் என்று நினைத்துச் சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன். அவரும் என்னை மாதிரி ஒருத்தர்தான், போனவர்களை இன்னும் திருப்பிப் படுக்கவைத்துக்கொண்டிருக்கிறார்.

"வாயு மூலையும் ஆகும்னு அவரே சொல்றார் சார்."

"ரெண்டாம் பட்சம்னு சொன்னாரோல்லியோ? அதுவும் என் தலைமாட்டுல. சர்ச்சுல தெனம் மணி அடிக்கறா. அதுக்கெல்லாம் எழுந்துக்காத கொழந்தைகள் இதுக்கு மட்டும் எழுந்துக்குமா?"

"மணி புகை விடாது சார்!" என்று கத்திவிட்டேன். "தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்னு சும்மாவா சொன்னாங்க? உங்களுக்கு ஒரு தூக்கம். அங்கே முப்பது தூக்கம்."

அவர் எழுந்து வாசல் கதவைத் திறந்து வைத்தார். நான் வெளியே வந்தேன். படிக்கட்டில் இறங்கும்போது, வேலை போனது போனதுதான் என்று தோன்றியது. வேறு யாராவது வந்து என் படத்தை அப்படியே எடுத்துக்கொள்வார்கள், செவ்வகம் அதே மூலையில் இருக்கும்.

ஆனால் விரிசல் நோட்டு பாக்கி இருந்தது. அதில் கையெழுத்துப் போட அவர் பள்ளிக்கு வந்தே ஆக வேண்டும். வங்கிக்காரர், பார்க்காத எதிலும் கையெழுத்துப் போட மாட்டார். நான்கு நாள் கழித்து, மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டியில் ஒரு மணிக்குச் சரியாக வந்தார்.

வாசலில் ஆயா. "நின்னுக்கினு இருந்தா ஒண்ணும் தூங்காது நைனா. படு."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஏற்கெனவே படுத்துவிட்டிருந்தேன். தாறுமாறாகக் கோபப்படப்போகிறார் என்று நினைத்தேன். வேட்டியை ஒழுங்குபண்ணிக்கொண்டு, மெல்ல, முட்டியைப் பிடித்தபடி படுத்தார். எனக்கும் அவருக்கும் நடுவே அந்த நான்கு வயதுப் பெண்.

"பெரும்பாக்கம்... போலாம் ரைட்."

நான் அன்று தூங்குகிற மாதிரி அரைக்கண் மூடி, வேண்டுமென்றே விழித்திருந்தேன். காரப்பாக்கத்தில் அந்தப் பெண் புரண்டு, ஒரு காலைத் தூக்கி அவர் வயிற்றின்மேல் போட்டது. அவர் கையை எடுத்தார், அந்தக் காலை நகர்த்தலாமா என்று யோசித்தார், கையை மறுபடி தரையில் வைத்துவிட்டார். பெருங்குடி. கந்தன்சாவடி. தரமணி. அறை முழுக்கத் தூங்கிவிட்டது. அவர் மட்டும் கூரையைப் பார்த்தபடி ஆடாமல் கிடந்தார். மூச்சைக்கூட அளந்து விட்டார், கால் நழுவிவிடக் கூடாது என்று. யாராவது விழித்திருந்தால் பஸ்ஸை நிறுத்த மாட்டார் ஆயா. பெரியவர் விழித்திருந்தார்.

"அடையாறு... போலாம் ரைட்." ஆயாவின் குரலில் ஒரு தயக்கம் வந்தது. இந்தப் பக்கம் அவர் வண்டி வந்ததேயில்லை. இரண்டு நிமிடம் இருக்கும், அறையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. "பாலம்" என்றார்.

அதற்குமேல் அவருடைய பஸ்ஸுக்கு ஸ்டாப் இல்லை. பெரியவரின் காலடியில் அப்படியே குந்தினார்.

"பாலம் வந்துருச்சு நைனா. இங்கதான் எங்க வூடு இருந்துச்சு. எறங்கு."

பெரியவர் இறங்கவில்லை, தூங்கவுமில்லை. மூன்று மணி வரை அந்தக் காலைச் சுமந்துகொண்டு கிடந்தார். நோட்டைக் கொடுத்தபோது ஒவ்வொரு விரிசலையும் கூரையில் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். வெளியே சர்ச் வாசல் மரத்தடியில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"வாயு மூலைல போட்டா புகை எங்க போகும்?"

"தெருப்பக்கம் சார்."

"சத்தம்?"

"உங்க கட்டிலுக்குக் கீழே."

"கட்டில நகத்திக்கலாம்" என்றார். கொஞ்ச தூரம் நடந்து திரும்பினார். "அந்தப் பாலத்து மேலதான் முப்பது வருஷம் ஆபீஸ் போயிண்டிருந்தேன். கீழ ஒரு தடவைகூடக் குனிஞ்சு பாக்கல." அப்புறம் ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

மறுநாள் படத்தைத் திருத்தினோம். செவ்வகத்தை வடமேற்குக்கு நகர்த்தினோம். பிறகு மதிலுக்கு அந்தப் பக்கத்து வெள்ளையில் பள்ளி அறையை அளவோடு வரைந்து, மேற்கு ஜன்னலைத் திறந்த மாதிரிக் காட்டி, உள்ளே முப்பது சின்னப் பாய்களைப் போடச் சொன்னேன். ஆபீஸ் பெண், "மேடம், இது நம்ம சைட்டுல வராதே?" என்றாள்.

"வரும், போடு."

"எழுத்து என்ன எழுதட்டும்?"

"தூங்கும் அறைன்னு எழுது."

அனுமதிக்குப் போய் அது பல கை மாறி வந்தது. தேவையில்லாத விவரம் என்று யாரோ பென்சிலால் சுழித்திருந்தார்கள். அழிக்கச் சொல்லவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இடிப்பு வேலையையும் துளைப்பதையும் பள்ளியின் கோடை விடுமுறைக்குத் தள்ளிவைக்கப் பில்டர் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார்.

விரிசல் நோட்டின் நகலைக் கொடுக்கக் கடைசியாக ஒரு தடவை போனேன். இனி எனக்கு அந்த அறையில் வேலை இல்லை. கதவருகே கொடுத்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். ஆயா வாத்துத் தலையணையை எடுத்து நீட்டினார். படுத்தேன். பக்கத்துப் பாயில் அதே பெண். துரைப்பாக்கம் தாண்டியதே எனக்குத் தெரியாது.

விழித்தபோது அறை காலியாக இருந்தது. எல்லாப் பாயும் சுருட்டியாகிவிட்டது, என் பாய் மட்டும் தரையில். வெளியே குழந்தைகளின் சத்தம். நான் ஒருக்களித்துப் படுத்திருந்தேன், சுவரைப் பார்த்து. எனக்கு அப்படிப் படுக்கும் பழக்கமே கிடையாது.

ஆயாவிடம் பயந்துகொண்டே கேட்டேன். "இன்னிக்கும் யாரையாவது திருப்பினேனா?"

"இல்லம்மா. இன்னிக்கு நீ யாரையும் திருப்பல. ஆனா நீ வுட்ட கொறட்டையில அந்தப் பொண்ணு எந்திரிச்சு உக்காந்துச்சு. உன்னியே கொஞ்ச நேரம் பாத்துது. அப்பால உன் தலைக்கு அடியில கையக் குடுத்து, தம் கட்டித் தள்ளிப் பாத்துது. நீயே தூக்கத்துல திரும்பிக்கின. முதுகுல ஒரு தட்டு தட்டுச்சு. நீ 'ம்'னு சொன்ன. அதுக்கப்பறந்தான் அது போய்ப் படுத்துச்சு."